தொப்பிக்கு ஒரு தலை வேண்டும்!

கோடைக்கானலுக்கு ஆபீஸ் டூர் போகிற நம்மைப் போன்ற ஆசாமிகளின் புரோகிராம் எனக்கு மனப்பாடம். வேனை விட்டு இறங்கியதும் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கிய ஏரி அது. நாம் அதில் பெடல் போட் மிதித்து முட்டி வலியை உண்டாக்கிக்கொள்கிறோம். அடுத்து தூண் பாறை. அப்புறம் குணா குகை. (1991-ல் கமல் போன இடம், 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு ஊரே போகிற இடம்.) கடைசியாக ஷாப்பிங். ஹோம்மேட் சாக்லேட் அரை கிலோ, யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், காது வரை இழுத்து விடுகிற கம்பளித் தொப்பி ஒன்று, நூறு ரூபாய்.

அந்தத் தொப்பிகளில் பெரும்பாலானவை லூதியானா ஃபேக்டரி மெஷினில் பிறந்து, லாரி ஏறி, மலை ஏறி வருபவை. அதாவது, கோடைக்கானல் ஞாபகார்த்தமாக நாம் பஞ்சாபைத் தலையில் மாட்டிக்கொண்டு வருகிறோம்!

இந்த லிஸ்ட்டுக்குள் என் அக்கா கையால் பின்னிய தொப்பியை எப்படி நுழைப்பது என்பதுதான் போன மே மாதம் எங்கள் குடும்பத்தின் தலையாய பிரச்னை.

அக்கா வாக்கப்பட்டது கோடைக்கானல் நாயுடுபுரத்தில். மச்சான் டூரிஸ்ட் வேன் டிரைவர். இருபது வருஷம் அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டி ஒரு கீறல்கூட விழாத மனுஷர், மார்ச் மாதம் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். சீஸன் பூராவும் வேன் ஷெட்டில், மச்சான் கட்டிலில். ஜூன் பிறந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் 24,000 கட்டியாக வேண்டும். அக்காவிடம் இருந்த முதல் ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடத் தையல் பீரியடில் கற்றுக்கொண்ட குரோஷா ஊசி. ஆறு மாசமாகப் பின்னிச் சேர்த்த 60 தொப்பி, 40 ஜோடி குழந்தை சாக்ஸ், 25 மஃப்ளர், கொஞ்சம் பொம்மை, எல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்த வாரம். ஏரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மைதானத்தில் மூன்று நாள் கைவினைச் சந்தை போட்டார்கள். ஸ்டால் வாடகை 1,500 ரூபாய். அதற்கு ஷாமியானாவுக்கு அடியில் ஆறடி மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட். நான் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு திண்டுக்கல்லில் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாகப் போய்ச் சேரும்போது முதல் நாள் மத்தியானம் மூன்று மணி.

அக்கா கடை எங்கே என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

காரணம், பனிமூட்டம். கோடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். காலையில் பளீரென்று இருக்கும் ஊர், மதியத்துக்கு மேல் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிடும். சந்தைக்காரர்கள் எல்லா மேஜைக்கும் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். அதன்மேல் அக்கா வெளிர் நீலம், வெளிர் ரோஸ், சந்தனக் கலர் என்று 145 உருப்படியையும், வெயிலில் வற்றல் காயப்போட்ட மாதிரி பரப்பியிருந்தாள். வெள்ளைப் பனி, வெள்ளைத் துணி, வெளிறிய தொப்பி. பத்தடி தள்ளிப் பார்த்தால் மேஜை காலி!

"வந்துட்டியாடா தம்பி? காலைல இருந்து மூணு உருப்படிதான் போச்சு" என்றாள். அவள் உட்கார்ந்திருந்தது மேஜைக்குப் பின்னால், டிரங்குப் பெட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில். வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ம்யூசியத்தில் மம்மியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு அம்மணி மட்டும் நின்று, "ஏரிக்கரையில நூறு ரூபாதானே?" என்றார். அக்கா பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மணி பனிக்குள் மறைந்துவிட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. 350 ரூபாய்த் தொப்பிக்கும் 100 ரூபாய்த் தொப்பிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஊர்க்காரர்களுக்குக் கைவேலைப் பொருள் என்றால் அண்ணா சாலையில் கார்சாக் அமைப்பு நடத்திய காட்டேஜ் கிராஃப்ட்ஸ் கடை ஞாபகத்துக்கு வரும். அது கடை. கதவு திறந்து உள்ளே வந்தவன் பத்து நிமிஷமாவது சுற்றுவான். சந்தை அப்படியல்ல. கையில் மக்காச்சோளத்தோடு நடந்துகொண்டே இருக்கிறவன், தலையைத் திருப்புகிற மூன்று விநாடிதான் நமக்கு. அதற்குள் கடையே பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர் ஸ்டாலில் ஒரு பெரியவர் மரப் பம்பரம் விற்றார். மேஜைமேல் ஜோடனை என்று ஒன்றும் கிடையாது. ஒரு பழைய எவர்சில்வர் தட்டு. அதில் எந்நேரமும் ஒரு பம்பரம் 'ங்ங்ங்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தன. நாங்கள் மூன்று விற்ற நேரத்தில் அவர் முப்பது விற்றிருப்பார்.

அன்று ராத்திரி நாயுடுபுரத்தில் குடும்ப மாநாடு. மச்சான் கட்டிலில் இருந்தபடியே தலைமை வகித்தார்.

படிக்கட்டு மாதிரி அடுக்குவது என்று முதலில் முடிவாயிற்று. இதற்கு ஃபாரின் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. கொலு வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை விட உயரமாக இருக்க வேண்டும். முக்கியமான சாமி நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே. செட்டியார் பொம்மை கீழே, குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில். எத்தனை தலைமுறையாக அம்மாக்கள் சம்பளம் வாங்காமல் செய்து வந்த டிஸ்ப்ளே வேலை இது! மார்க்கெட்டில் பழக்கடைக்காரரிடம் ஏழு மரப்பெட்டி இரவல் வாங்கி வந்தேன். அக்காவின் பழைய அரக்குக் கலர் புடவையை அதன்மேல் விரித்தோம். பனியில் வெளிர் நிறம் எடுபட வேண்டும் என்றால் பின்னணி அடர்த்தியாக இருக்க வேண்டும். நீலகிரித் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரியைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். அச்சு, கோடு எதுவும் வரையாமல் நூலிழையை எண்ணியே போடுகிற வேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மலைப் பனியில் பத்து கஜம் தள்ளி நின்றாலும் கண்ணில் படும்.

அடுத்தது, 145 உருப்படியில் 40-ஐ மட்டும் வெளியே வைப்பது. இதற்குத்தான் பெரிய சண்டை.

"எல்லாத்தையும் வைக்கலைன்னா நம்மகிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

"நகைக்கடை ஜன்னல்ல எத்தனை நெக்லஸ்க்கா வைப்பான்? ஒண்ணு. காய்கறிக் கடையில? குவியல். நீ எந்தக் கடை?"

அக்கா முறைத்துவிட்டு 42 வைத்தாள். இரண்டு உருப்படி அவள் மானத்துக்கு.

மூன்றாவது விஷயம் தலை. தொப்பி தட்டையாகக் கிடந்தால் அது பாத்திரம் பிடிக்கிற துணி. தலையில் ஏறினால்தான் தொப்பி. அடுக்களையில் இருந்த ஐந்து மண் கலயங்களைக் கவிழ்த்து, ஆளுக்கொரு தொப்பி மாட்டினோம். ஆறாவது தலையாக மச்சான் தன் சொந்தத் தலையையே தர முன்வந்தார். "கால்தான் லீவு மாப்ள, தலை ட்யூட்டியிலதான் இருக்கு" என்றார். அதோடு, இன்னொரு தியாகமும் செய்தார். ஷெட்டில் நின்ற வேனுக்குள்ளிருந்து அந்த நீளக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். தொப்பிக் கடையில் கண்ணாடி இல்லாவிட்டால், மாட்டிப் பார்த்தவர் பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டியைத்தான் கேட்பார். அவர் "வேணாம், நல்லால்ல" என்று சொல்லிவிட்டால் வியாபாரம் குளோஸ்!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மச்சான் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். மகளை விட்டு எழுத வைத்திருந்தார்: 'குடும்பத் தலைவர் கால் முறிந்த நிலையில், ஒரு ஏழைத் தாயின் உழைப்பு. ஆதரிப்பீர்!'

அக்கா அதை வாங்கிப் படித்தாள். ஒன்றும் பேசவில்லை. நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"பாவப்பட்டு வாங்கினவன் வீட்டுக்குப் போனதும் அதைப் பீரோவுல போட்டுருவான். புடிச்சு வாங்கினவன்தான் போட்டுக்குவான். என் தொப்பியைத் தொப்பின்னு வாங்கறவன் வாங்கட்டும்."

மச்சான் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார்.

சரி, அப்படியானால் அந்த நூறு ரூபாய்க் கேள்விக்கு என்ன பதில்? மதுரைப் புது மண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். (அந்தக் கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) தைத்துக்கொண்டிருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தவர்கள், "இது கைவேலையா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவை மேஜைக்குப் பின்னாலிருந்து முன் மூலைக்கு மாற்றி, அங்கேயே உட்கார்ந்து பின்ன வேண்டும் என்றேன்.

"நான் என்ன பொருட்காட்சி பொம்மையா? எல்லாரும் நின்னு வேடிக்கை பார்க்கவா?"

"உன்னை எவன்க்கா பார்ப்பான்? உன் கையைத்தான் பார்ப்பாங்க."

"ரொம்பத்தான் புகழ்றே!"

விலைச் சீட்டிலும் 'கையால் செய்தது' என்ற வழக்கமான வாசகம் வேண்டாம் என்று தீர்மானித்தோம். மெஷின் சரக்கிலும் அதை அச்சடித்து ஒட்டுகிறார்கள். காகித அட்டை இந்த ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகச் சுருண்டுவிடும். ஆகவே ஐஸ் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் அக்கா மகள் எழுதினாள்: '6 மணி நேரம். 350 ரூபாய்.'

இரண்டாம் நாள். காலையில் சுமார்தான். பதினோரு மணிக்கு மேல் கூட்டம் வந்தது. 2024 மே மாதம் ஹைகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்தும் சீஸன் கூட்டம் சீஸன் கூட்டம்தான். மதியம் பனி இறங்கியபோது மஞ்சள் வெளிச்சம் தருகிற இரண்டு எல்.இ.டி. பல்பைப் போட்டோம். வெள்ளை பல்பு பனியோடு சேர்ந்துகொண்டு கம்பளியைச் சோகை பிடித்த மாதிரி காட்டும். மஞ்சளில் அதே தொப்பி, 'தொட்டுப் பார்' என்றது. அக்கா ஊசியும் கையுமாக இருந்தாள். முதலில் தலையே நிமிரவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு நூல் ஓடுவதைப் பார்த்தாள். பின்னாலேயே அம்மா, அப்பா, பாட்டி. அப்புறம் கோயம்புத்தூர்ப் பையன்கள் ஐந்து பேர், ஏதோ கம்பெனி டூர். ஒருத்தன் ஐஸ் குச்சியைப் படித்துவிட்டு செல்போனில் கணக்குப் போட்டான்.

"ஏனுங்கக்கா, நூல் எவ்வளவுங்க ஆகும்?"

"நூத்திப் பத்து."

"அப்படின்னா மணிக்கு நாப்பது ரூவாதானுங்களா?"

"ஆமா தம்பி."

அவன் வேன் கண்ணாடி முன்னால் தொப்பியை மாட்டி, மீசையைத் தடவி, இடது புறம், வலது புறம் திரும்பிப் பார்த்தான். பேரம் பேசவில்லை. க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தான். மற்ற நாலு பேரும் வரிசையாக மாட்டினார்கள். அதில் ஒருத்தன் மட்டும், "மொத்தமா எடுத்தாக் குறைச்சுப் போடுவீங்களாக்கா?" என்றான். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தன் உண்டு. எங்கள் ஆபீஸில் அது நான்தான் என்று சொல்வார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "குறைக்கிறேன் தம்பி. எந்தக் காதுப் பக்கம் குறைக்கட்டும்?" என்றாள். எனக்கே புதிய அக்கா!

அன்றைக்கு மட்டும் 27 தொப்பி. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்து வைத்தோம். கடைசி வரைக்கும் மேஜைமேல் நாற்பதைத் தாண்ட விடவில்லை. மூன்றாம் நாள் 14 போயிருந்தது. இரண்டு மணிக்கு மழை. அதற்காகத் தார்ப்பாயும் கயிறும் தயாராக இருந்ததால் நூல் நனையவில்லை. மனசுதான் நனைந்தது.

மஃப்ளர் ஜெயிக்கவில்லை. கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம், சுருட்டி வைத்துப் பார்த்தோம், மச்சான் கழுத்தில் சுற்றிப் பார்த்தோம். 25-ல் மூன்றுதான் போயிற்று. 600 ரூபாய் என்றதும் கை பின்னால் போய்விடுகிறது. டில்லியில் 1994-ல் ஆரம்பித்த தில்லி ஹாட்டில் கைவினைக்காரர்களுக்கு ஸ்டாலைப் பதினைந்து நாள் கணக்கில் மாற்றி மாற்றித் தருகிற ஏற்பாடு. பதினைந்து நாள் இருந்தால் எது போகிறது, எது போகவில்லை என்று பார்த்து நிதானமாக அடுக்கை மாற்றலாம். மூன்று நாள் சந்தையில், கற்றுக்கொண்டு முடிக்கும்போது ஷாமியானாவை அவிழ்க்கிறார்கள்.

வாடகை, நூல் எல்லாம் போக சுமார் 12,000 ரூபாய் கையில் நின்றது. மூத்தவன் ஃபீஸ் ஆச்சு. சின்னவள் ஃபீஸுக்கு அக்கா யாரிடமும் போய் நிற்கவில்லை. சந்தையில் பார்த்துவிட்டுப் போன ஒரு லாட்ஜ் உரிமையாளர், ரிசப்ஷனில் வைக்க 30 தொப்பி கேட்டிருந்தார். "பாதிப் பணம் முன்னாடி குடுங்க" என்று அக்கா கறாராகச் சொல்லி வாங்கிவிட்டாளாம். மச்சான் இதைப் போனில் சொல்லும்போது அவர் குரலில் பெருமையா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வேன் கண்ணாடி இன்னும் வேனுக்குத் திரும்பவில்லை.

போன வாரம் ஆபீஸில் மும்முரமாக இருந்தபோது போன். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருக்கிறார்.

"தம்பி, பூஜா லீவுக்கு இன்னொரு சந்தை வருதுடா. அஞ்சு தலை பத்தாது. வர்றப்ப திண்டுக்கல்லயிருந்து ஆறு தலை வாங்கிட்டு வா. உடையாமப் பார்த்து எடுத்துட்டு வாடா, போன தடவை ஒண்ணு பஸ்ஸுலயே பொளந்துருச்சு!"

மேனேஜர் என்னையே பார்த்தார். லீவு லெட்டரில் உடனே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்.