ஒரு ‘நெகட்டிவ்’ முடிவு போதாது

மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டு, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு வளர்ப்புக்காகப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்யப்படும் பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான்களிடையே, கல்லீரலையும் குடலையும் தாக்கும் அடினோவைரஸ் பரவலாகக் காணப்படுகிறது. குஞ்சுகள் தீனி எடுக்காமல் மெலிந்தோ நோய்க்குறி எதுவும் காட்டாமல் திடீரென்றோ இறந்துபோக, வளர்ந்தவை பலவும் நலமாகவே தோன்றியபடி வைரஸைச் சுமந்து திரிவதால், கண்ணால் பார்த்து நோயைக் கணிப்பது இயலாது.

ஆகவே, மலமும் முட்டையும் வெளியேறும் பொதுத் துவாரமான கழிவுப்புழையில் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்த மாதிரியில், வைரஸின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை செய்யப்படுகிறது. ஆயினும் தொற்றுள்ள விலங்கு வைரஸைத் தொடர்ந்து வெளியேற்றாமல் விட்டுவிட்டே வெளியேற்றுவதால், ‘நெகட்டிவ்’ என்ற ஒரே முடிவு அன்றைய மாதிரியைப் பற்றியதேயன்றி அந்த விலங்குக்கான நற்சான்று ஆகாது.

புதிதாக வாங்கியவற்றைத் தனிக் கூண்டில், தனிப் பாத்திரங்களுடன் வைத்து, வாரக்கணக்கான இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே இணைசேர விடுவதும், தின்று மீந்த பூச்சிகளை அடுத்த கூண்டுக்கு மாற்றாதிருப்பதும் பண்ணையாளரின் கடமை. தொற்று உறுதியான விலங்கைத் தனியே வைத்துப் பேணலாம்; தொற்றை மறைத்து அதை விற்பதோ வாங்குபவரின் பண்ணையையும் சேர்த்துக் கெடுக்கும்.