கூடத்தில் ஒரு கணினி

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வானொலி நிலையத்தில் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேயர்கள், “பிள்ளைக்குக் கணினி வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். நான் கணினி நிபுணர் அல்ல. ஊடகம் படித்துவிட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பவள். தொடக்கநிலை 5இலும் 2இலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. போன டிசம்பரில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கணினி வாங்கினோம். மேசைக் கணினி. “இந்தக் காலத்திலா?” என்று கேட்காதவர்கள் குறைவு.

முதலில் கேட்டவர் என் கணவர். மடிக்கணினி வாங்கினால் எங்கும் எடுத்துச் செல்லலாம், நான்கறை வீட்டில் இடத்தையும் அடைக்காது என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். ஆனால், எங்கும் எடுத்துச் செல்லலாம் என்றால் படுக்கையறைக்கும் எடுத்துச் செல்லலாம். நான் மாலை நேர நிகழ்ச்சியில் இருப்பேன். அவருக்குச் சுழல்முறை வேலை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர் என் மாமியார்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் பிள்ளையிடம், “என்ன பண்றே?” என்று அவர் எத்தனை முறை போய்க் கேட்க முடியும்? கூடத்தில், அவருடைய நாற்காலியிலிருந்து திரை தெரியும்படி கணினி இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை.

7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி வேலை தவிர்த்து ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குள்தான் திரை பார்க்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. எது பள்ளி வேலை, எது விளையாட்டு என்று வீட்டில் யாராவது பார்த்தால்தானே அந்த இரண்டு மணி நேரத்தைக் கணக்கிட முடியும்?

உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் உண்டு. 2028க்குள் என்று முதலில் அறிவித்த அந்தத் திட்டத்தை, கொவிட் வந்த பிறகு 2021 இறுதிக்கே முன்கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஆனால், எஸ்எல்எஸ் எனப்படும் மாணவர் கற்றல் தளத்தில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முழுநேர வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது, திறன்பேசியின் சின்னத் திரையில் பாடம் பார்த்த பிள்ளைகள் உண்டு. அந்த ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்கு ஏன் திரும்ப வேண்டும்?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. நினைவகம் 8 ஜிபி இருந்தால் இன்றைக்கு ஓடும். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்து, காணொளி வகுப்பிலும் சேரும் பிள்ளைக்கு 16 ஜிபி இருப்பது நல்லது. சேமிப்பகம் எஸ்எஸ்டி வகையாக இருக்கட்டும். 512 ஜிபி தாராளம். திரை 24 அங்குலம். பளபளவென்று விளக்கெரியும் பெட்டியும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் பள்ளி வேலைக்குத் தேவையில்லை. என் மகன் சிம் லிம் ஸ்குவேரில் அந்தப் பெட்டி முன்னால்தான் வெகுநேரம் நின்றான் என்பது வேறு விஷயம்.

பலர் மறந்துவிடும் ஒன்று: மேசைக் கணினியில் பெரும்பாலும் கேமராவும் ஒலிவாங்கியும் இருக்காது. சிலவற்றில் வைஃபைகூட இருக்காது. இவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். பதிலுக்கு ஒரு வசதி உண்டு. மடிக்கணினி மீது மைலோ கொட்டினால் அது உள்ளே இறங்கிவிடும். மேசைக் கணினியில் பெரும்பாலும் விசைப்பலகையோடு போய்விடும். அதை இருபது வெள்ளிக்கு மாற்றிவிடலாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது.

பழைய கணினி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால், விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லு வேண்டும். கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறையாகத்தான் பொதுவாகக் கருதப்படும் என்ற சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அது பழைய பொருளுக்கும் பொருந்தும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமானம் குறைந்த குடும்பங்கள், வாங்குமுன் ‘டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம்’ என்ற அரசாங்கத் திட்டத்தை விசாரிப்பது நல்லது. மடிக்கணினி அல்லது கைக்கணினியும் இணையச் சேவையும் சலுகை விலையில் கிடைக்கும்.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றுதான் எனக்கு முக்கியம். வாங்கிய அன்றே அதில் தமிழ் எழுத வேண்டும்.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடாகிவிட்டது. தினமும் தமிழ் பேசிப் பிழைப்பு நடத்தும் எனக்கு அது வெறும் புள்ளிவிவரம் இல்லை. என் நேயர்களின் எண்ணிக்கை. கணினி என்றால் ஆங்கிலம், தமிழ் என்றால் பயிற்சித் தாள் என்று பிள்ளையின் மனத்தில் பிரிவினை விழுந்துவிட்டால், அடுத்த கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கும்?

இந்தப் பிரிவினையை ஏற்காதவர்கள் இங்கேயே இருந்தார்கள். தமிழை இணையத்தில் முதலில் ஏற்றியவர்களில் ஒருவர் நம் நா. கோவிந்தசாமி. கணினித் தமிழுக்கான தமிழ்நெட்97 மாநாடு 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. அக்கரையில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் உருவாக்கினார். அவர்கள் பாடுபட்டுச் செய்ததை இன்று விண்டோஸிலும் மேக்கிலும் காசில்லாமல் நாம் சேர்த்துக்கொள்ளலாம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

எந்த விசைப்பலகை? என் தலைமுறையில் பலரும் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கப் பழகியவர்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குத் தமிழ்99ஐத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடப்பக்கம், பெரும்பாலான மெய்கள் வலப்பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தாகவே நினைத்துத் தட்டலாம். விசைகளில் தமிழ் எழுத்துகளை ஒட்ட ஓர் ஒட்டுத்தாள் போதும்.

ஒலிவாங்கி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்தேன்; தொழில் புத்தி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழிப் பகுதியில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். என் மகள் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்கிறாள். ‘வாழை’ அவள் வாயில் ‘வாலை’யாக வருவதை நான் நூறு முறை சொல்லியிருப்பேன். தன் குரலில் கேட்ட அன்று முகத்தைச் சுளித்து, “திரும்பவும் பதிவு பண்றேன்” என்றாள்.

என் மாமியார் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். ஆங்கிலம் தெரியாததால் கணினிப் பக்கமே போகமாட்டார். இப்போது பேத்தி எழுதும் கட்டுரை பெரிய எழுத்தில் திரையில் தெரிகிறது. போன மாதம் நாற்காலியில் இருந்தபடியே, “அது ரெண்டு சுழி இல்லடா, மூணு சுழி” என்றார். அவள் திருத்தினாள். நாங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் அந்த வீட்டில் இப்படி ஓர் ஆசிரியர் இருப்பதை, மடிக்கணினி வாங்கியிருந்தால் நாங்கள் அறிந்திருப்போமா, தெரியவில்லை.

சிரமமும் உண்டு. கணினி ஒன்று, பிள்ளைகள் இரண்டு. யார் எப்போது என்ற அட்டவணை குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. வாரம் ஒருமுறையாவது அதில் சண்டை வரும். என் கணவர் இன்னும் மடிக்கணினிக் கட்சிதான். மகள் உயர்நிலைக்குப் போனதும் அவருடைய வாதம் வெல்லலாம், வெல்லட்டும்.

அதுவரை, கேட்கும் நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுத்துக் கூடத்தை அளந்து பாருங்கள். எங்கள் மேசை 120 சென்டிமீட்டர். பக்கத்தில் பாட்டியின் நாற்காலிக்கும் இடம் விட்டுத்தான் வாங்கினோம்.