ஏரிக்கரையில் இரண்டு நாள்

மலேசியாவில் கோடை என்றொரு தனிப் பருவம் இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுதும் மாறி மாறி ஆட்சி புரிகின்றன. ஆயினும், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மக்கள் மனம் குளிர்ச்சியை நாடுகின்றது. அவர்களுக்கு விடுமுறையே கோடை. கேமரன் மலையே புகலிடம்.

தமிழாசிரியர் ஒருவர் தம் மனைவியுடனும் மகளுடனும் இரண்டு நாள் ஓய்வுக்காக அம்மலைக்குச் சென்றார். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிய பாதை ரிங்லெட் ஊரைக் கடந்ததும், மலைகளுக்கிடையே ஏரி தோன்றியது. மெல்லிய பனிமூட்டம் நீர்மேல் தவழ்ந்தது. மூவரும் குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு கரையோரம் நின்றனர்.

"அப்பா, ஏரித் தண்ணீர் ஏன் பால் கலந்த தேநீர்போல இருக்கிறது?" என்று மகள் வினவினாள்.

அவ்வினாவில் அம்மலையின் வரலாறே அடங்கியிருந்தது. 1885இல் வில்லியம் கேமரன் அப்பகுதியை அளந்தபோது அங்கே இந்த ஏரி இல்லை. பெர்த்தாம் ஆற்றை மறித்து எழுப்பப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் நிறைவுற்ற பின்னரே இது பிறந்தது. இயற்கையாகப் பகாங் மாநிலத்திற்குள் ஓட வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. ஏரியை ஒருநாளும் கண்டிராத ஏழையின் வீட்டு மின்விசிறிக்கும் அதன் உழைப்பில் பங்குண்டு. ஓய்வு தேடி வருவோர் காணும் ஏரி, ஓயாது உழைக்கும் ஏரி.

உழைக்கும் அந்த ஏரிக்கு வந்த நோய்தான் மண். காய்கறிக்கும் மலருக்கும் கட்டடங்களுக்குமாகச் சரிவுகளில் காடு அழிக்கப்பட்டது. வேர்களின் பிடியிழந்த மண்ணை மழை அடித்துவந்து ஏரியில் சேர்த்தது. எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் அடியில் வண்டல் குவிந்தது. நீர் கொள்ளும் இடம் சுருங்கியது. 2013 அக்டோபரில் பெருமழையால் அணை நிரம்பி, நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மேட்டில் வெட்டிய மரத்திற்குப் பள்ளத்தில் இருந்தவர் விலை கொடுத்தனர்.

ஆசிரியர் மகளுக்கு ஒரு சொல்லை விளக்கினார்: "குளத்தின் அடியில் படியும் சேற்றுக்குத் தூர் என்று பெயர், அம்மா. அதை அள்ளுவது தூர் வாருதல். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோடையில் குளம் வற்றியதும் ஊரார் கூடித் தூர் வாருவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்."

"அப்படியானால் அங்கே கோடை என்பது விடுமுறை இல்லையா?" என்றாள் சிறுமி.

"குளத்திற்குக் கடன் செலுத்தும் காலம்," என்றார் அவர்.

ரிங்லெட் ஏரி வற்றுவதில்லை. அதன் மண்ணை இயந்திரங்களே அள்ளுகின்றன. எனினும், மேலே சரிவுகள் வெறுமையாக இருக்குமட்டும், அள்ள அள்ள மண் வந்துகொண்டேயிருக்கும். தூர் வாருவது கரையில் நடக்கும் பணி. தூர் சேராமல் காப்பதோ மலையுச்சியில் தொடங்க வேண்டிய பணி. குளிர்ச்சியை நுகர ஏறி வருவோர் அனைவரும் அக்காட்டின் நிழலுக்குக் கடன்பட்டவர்களே. அக்கடனை உணர்ந்து ஏறுவோர்க்கே அந்த மலை என்றும் குளிர்ந்திருக்கும்.