பேரம் படியும் தெய்வங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற நண்பர்களுக்குக் கதை நடத்துகிறவன் நான். அதில் எனக்குப் பிடித்த வேலை தெய்வங்களை எழுதுவது. நல்லதென்றும் கெட்டதென்றும் சொல்ல முடியாத கடவுளை எழுதச் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் ஒரு நாள் வரம், மறுநாள் சாபம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது தெய்வமில்லை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஆபீசுக்கு வந்த மேனேஜர்.

எனக்குப் பாடப்புத்தகம் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' விளையாட்டுகளில் வரும் டேட்ரிக் பிரபுக்கள். உலகத்தைப் படைத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. அதன்மேல் பெரிய பாசமும் இல்லை. ஆளுக்கொரு ஆசை, அந்த ஆசைக்கேற்ற ஓர் உலகம். ஹெர்மேயஸ் மோராவுக்கு அறிவு வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய அபோக்ரிஃபாவில் எங்கு பார்த்தாலும் புத்தகக் குவியல். கீழே மைபோல் கறுத்த கடல். 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு 2012-இல் வந்த 'டிராகன்பார்ன்' விரிவாக்கத்தில், எதிரி மிராக்கை வெல்ல நமக்கு ஒரு மந்திரச் சொல் தேவை. தருகிறேன் என்கிறான் மோரா. பதிலுக்கு ஸ்கால் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ரகசியத்தைக் கேட்கிறான். ஊரைக் காக்க வேறு வழி தெரியாத அவர்களுடைய பூசாரி ஸ்டார்ன், மகள் தடுத்தும் கேளாமல் மோராவின் கறுப்புப் புத்தகத்தைத் திறக்கிறார். மோராவின் கொடிக்கைகள் அவரைக் குத்திக் கொன்று ரகசியத்தை எடுத்துக்கொள்கின்றன. பிறகு, பேசியபடியே சொல் நம் கைக்கு வருகிறது. ஏமாற்று எதுவும் இல்லை. செத்தவர் வேறு ஆள், பலன் நமக்கு.

நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். தெய்வம் வாக்குத் தவறக் கூடாது. விலையைக் கொடுக்கிறவன் பேரம் பேசியவனாக இருக்கக் கூடாது. என் கதையில் காற்றுக்கு ஒரு தேவி உண்டு. கேட்டவருக்குக் காற்றைத் தருவாள், ஆனால் புதிதாகப் படைத்துத் தர மாட்டாள், எங்கிருந்தாவது எடுத்துத்தான் தருவாள். என் ஆட்டக்காரர்கள் கப்பலுக்குக் காற்று வாங்கிக்கொண்டு கொண்டாட்டமாகப் போனார்கள். வெகு நாள் கழித்து ஒரு மீனவத் துறையில் இறங்கினால், பாய்கள் தொங்கிக்கிடக்கின்றன, கரையில் யாரும் வலை உலர்த்தவில்லை. எந்த மாதத்திலிருந்து இப்படி என்று ஒருத்தி விசாரித்தாள். பதில் வந்ததும் மேஜையில் சண்டை மூண்டது. தேவியைத் திட்டியவர்கள் பாதி, கேட்ட நம்மைத் திட்டவேண்டும் என்றவர்கள் பாதி. அன்று எனக்குப் பகடையைத் தொடவே தேவைப்படவில்லை.

இன்னொரு டேட்ரிக் பிரபுவான ஷெகோராத்தின் சீஸ் பைத்தியத்தை மட்டும் நகலெடுக்கிறவர்கள், 2007-இல் வந்த 'ஷிவரிங் ஐல்ஸ்' விரிவாக்கத்தை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம். யுகத்துக்கு ஒருமுறை ஜிகலாக் என்ற ஒழுங்கின் பிரபு வந்து அவன் தீவை அழிக்கிறான். அந்த ஜிகலாக்கே இவன்தான். அவன் வலிமைக்கு அஞ்சிய மற்றப் பிரபுக்கள் சபித்துப் பைத்தியமாக்கியிருக்கிறார்கள். கோமாளித்தனத்துக்கு அடியில் இவ்வளவு பெரிய தண்டனை கிடக்கிறது.

இந்தத் தெய்வங்களுக்கு ஹெச்பி, அதாவது உயிரை அளக்கும் எண், எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதினால் ஆட்டக்காரர்கள் கொன்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1994-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்' உலகில், சிகில் நகரை ஆளும் லேடி ஆஃப் பெயினுக்கு எண்கள் கிடையாது. அவள் பேசுவதில்லை, கடவுள்களை ஊருக்குள் விடுவதில்லை, தன்னைக் கும்பிடுகிறவர்களையே கொன்றுவிடுவாள். அவளுக்கு அதுதான் சரி. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2002-இல் வந்த 'மாரோவிண்ட்' நேர்மாறு. அதில் விவெக் என்ற கடவுள் தன் பெயரிலுள்ள ஊரிலேயே இருக்கிறான். நேரில் போய்ப் பேசலாம், மனம் வந்தால் கொல்லவும் செய்யலாம். அவன் மனிதர்போல் பிறந்து, செத்துப்போன ஒரு கடவுளின் இதயத்திலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டவன். அவனுக்கு எண்கள் இல்லாவிட்டால்தான் கதை பொய்.