பள்ளிக்கரணையில் ஓர் ஊடல்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் பள்ளிக்கரணையைக் கடப்போர், பெருங்குடிக் குப்பை மேட்டை நினைத்து முகஞ் சுளிப்பதுண்டு. நாமோ நேயர்களை அங்கே சற்று இறங்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். கோரையும் சம்பும் அடர்ந்து, நாரையும் கொக்கும் தாழைக்கோழியும் உலவும் அச் சதுப்பு நிலத்துக்கும் தமிழரின் காதல் மொழிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

நம் முன்னோர் காதலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிலத்தைக் குறித்தனர். வயலும் பொய்கையும் சார்ந்த மருதத்துக்கு ஊடல். கடலும் கழியும் சார்ந்த நெய்தலுக்கு இரங்கல். பள்ளிக்கரணையிலோ சுற்றுப்புற ஏரிகளின் நீர் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலோடு கலக்கிறது. ஊடலும் இரங்கலும் கைகோக்கும் இடம் இதுவென்றே சொல்லலாம்.

ஊடலுக்குக் காரணம் யாது? தலைவன் பரத்தையை நாடிச் சென்றதே. திரும்பி வருபவன் பாணனைத் தூது விடுவான், தலைவி இணங்காள். இதற்கு 'வாயில் மறுத்தல்' என்று பெயர். உ. வே. சாமிநாதையர் 1903-இல் பதிப்பித்த ஐங்குறுநூற்றில், ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் வேழப் பத்து, களவன் பத்து, எருமைப் பத்து என்பன உள்ளன. நாணலும் நண்டும் எருமையும் அங்கே கணவனின் குற்றத்துக்குச் சாட்சி கூறுகின்றன!

இக்காலச் சென்னை வாலிபர் காதலை 'டாவு' என்பர். கைவிடுவதைக் 'கழற்றி விடுதல்' என்பர். ஏமாற்றுவதை 'அல்வா கொடுத்தல்' என்பர். ஜெர்மானியரும் இதில் சளைத்தவரல்லர். காதலை மறுப்பதைக் 'கூடை கொடுத்தல்' என்றும், மனைவிக்குத் துரோகம் செய்வதைப் 'பக்கத் தாவல்' என்றும் பொருள்படும் சொற்கள் அவர்களிடம் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் வேடிக்கை இருப்பது குற்றமன்று. ஆனால் 'சின்ன வீடு' என்ற சொல்லை நாம் சிரித்துக்கொண்டே ஏற்பது தகுமா? ஒரு பெண்ணின் கண்ணீரை அது கட்டட விவகாரமாக்கி விடுகிறதே! தவறியவனுக்குச் செல்லச் சொற்கள் பல. மறுத்து நிற்பவளுக்கு ஒன்றையும் காணோம். பண்டைத் தலைவியும் பெரும்பாலும் முடிவில் இணங்கியவளே. ஆயினும் கதவடைக்கும் உரிமையும், அதற்கொரு கௌரவமான பெயரும் அவளுக்கு இருந்தன.

இச் சதுப்பில் வாழும் நீளவால் இலைக்கோழியின் சங்கதி இன்னும் வேடிக்கை. பெண் பறவை ஆண்கள் பலருடன் கூடி, முட்டைகளை அவரவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. 'சின்ன வீடு' கண்ட கனவான்கள் சிந்திப்பார்களாக!

2022-இல் உலக ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். முன்னிருந்ததில் இது ஒரு பகுதியே. இதுவும் போய்விட்டால், மருதத்தையும் நெய்தலையும் நம் குழந்தைகள் உரைநூலில்தான் தேடவேண்டும். ஆகவே விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு சென்று காண்பீர்களாக. திரும்பும்போது, 'வாயில் மறுத்தல்' என்ற அந்தப் பழஞ் சொல்லையும் சகோதரிகள் வீட்டுக்குக் கொண்டு வரலாம்.