ஒரு ரூபாயும் ஒரு பிடி சர்க்கரையும்

ஆகஸ்ட் 27, 2025, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. எதிர்வீட்டு அக்கா காலையிலேயே தூக்குவாளியில் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். சாயங்காலம் அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய மகளை நிறுத்தி, ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். "ஏம்மா, அவங்க வீட்ல சர்க்கரை இல்லையா?" என்றாள். இருக்கிறது. நாளைக்கு நம் வீட்டுச் சுண்டல் அங்கே போகும். அந்தக் கிண்ணம் ஒரு பிடி முருங்கைக்கீரையோடாவது திரும்பி வரும். இரண்டு வீட்டுக்கு நடுவே போக்குவரத்து நிற்காமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆலங்குடியில் முகூர்த்தம். மொய்க் கவர் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியே கடையில் கிடைக்கிறது. 500 என்றால் 501, 1000 என்றால் 1001. அந்த ஒரு ரூபாய் கூடினால்தான் கணக்கு முடியாமல் வளரும் என்பார்கள் பெரியவர்கள். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை ஏறுகிறது. நாளை அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் செய்வார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களும் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு.

பந்தியில் என் பக்கத்தில் பல் போன பெரியவர் ஒருவர். அப்பளத்தை ரசத்தில் ஊறவைத்து, நிதானமாகச் சாப்பிட்டார். அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார்கள். ஆனாலும் அந்த வரிசையில் ஒருவரும் எழவில்லை. அவர் மோர் குடித்து இலையைத் தன் பக்கமாக மடித்த பிறகுதான் எல்லோரும் மடித்தோம். எனக்கு நிறைவாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

மேலத்தெருவில் துக்கம். துக்கத்துக்கு அழைப்பு கிடையாது. காதில் விழுந்ததும் போக வேண்டும். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் வந்து கை கொடுத்தார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி வரவே கூடாது இல்லையா.

செப்டம்பர் 3, புதன்

சொந்தத்தில் வளைகாப்பு. விடியற்காலையிலிருந்து நின்று புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கிளறியவர் சித்தி. பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். வளையல் போடும் நேரத்தில் அடுப்படிக் கதவோரம் ஒதுங்கிக்கொண்டார். சித்தப்பா இறந்ததிலிருந்து இப்படித்தான். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. கையைப் பிடித்து அழைத்தேன். "வேணாம்டி, நாலு பேர் பேசுவாங்க" என்று உதறிவிட்டார்.

இந்த ஒரு வழக்கத்துக்கு நான் எந்தச் சமாதானமும் தேடப்போவதில்லை. இது கொடுமை, இத்தோடு போகட்டும். எங்கள் வீட்டு வளைகாப்பில் முதல் வளையல் சித்தி கையால்தான். மகளிடமும் மாமியாரிடமும் இன்றைக்கே சொல்லிவிட்டேன்.