கையொப்பமும் கைநாட்டும்

மனிதருக்குச் சேகரிக்கும் ஆசை பலவகைப்படும். தபால் தலை சேர்ப்பார் உளர்; பழங்காசு சேர்ப்பார் உளர். நமக்கு வாய்த்த பித்தோ நாடாண்டவர்கள் கையொப்பமிட்ட பழைய ஆவணங்களின்மீது சென்றது. தோட்டத்துக் கிராணியின் சம்பளத்திற்கு இது தகுமோ என்று நேயர்கள் நகைக்கக் கூடும். நகைப்பதில் குற்றமில்லை. பல ஆண்டுகளாக நாம் சேர்த்தவையெல்லாம் ஏலக்காரர்களின் விலைப்பட்டியல்களும் அவ்வாவணங்களைப் பற்றிய நூல்களுமேயன்றி, ஆவணம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றினால் நாம் அடைந்த பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

இத்துறையில் ஈடுபட்டோர்க்கு லிங்கன் என்னும் பெயர் மந்திரம் போன்றது. 1863-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட அவர் அமர்ந்தபோது, புத்தாண்டு வாழ்த்துக்கூற வந்தவர்களோடு பல மணி நேரம் கைகுலுக்கியிருந்தமையால் கை நடுங்கிற்றாம். எழுத்து நடுங்கியிருந்தால் ‘இவர் தயங்கினார்’ என்று பின்வருவோர் கூறுவரென எண்ணி, நிதானித்து, வழக்கமாகச் சுருக்கியெழுதும் தம் பெயரை முழுமையாகவே எழுதினார். அப்பிரகடனத்தின் அச்சுப்பிரதிகள் 48-ல் அவர் கையொப்பமிட, 1864-ல் பிலடெல்பியா நகரில் போர்வீரர்களின் உதவிக்காக நடந்த சந்தையில் பிரதியொன்றுக்கு 10 டாலர் விலை கூறினார்கள். அன்று அவை முற்றும் விலைபோகவில்லை. அவற்றுள் ஒன்று 2010-ல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. லிங்கன் தம் கைப்பட எழுதிய இறுதி வரைவோ, 1871-ல் சிக்காகோ நகரை எரித்த பெருந்தீயில் சாம்பலாயிற்று. இச்செய்தியைப் படித்த இரவு நாம் உறக்கமின்றி வருந்தியது உண்மை.

லிங்கன் நமக்கு எட்டாத கனி. ஆதலால், எட்டிய கிளையைப் பற்றினோம். 1835-ல் இந்தியானா மாநிலத்துக் குடியானவர் ஒருவருக்கு 80 ஏக்கர் நிலம் அளித்த பட்டா ஒன்று விலைக்கு வந்தது. அக்காலத்தில் அரசாங்கம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு நிலம் விற்றது. பதனிட்ட தோலில் அமைந்த அப்பட்டாவின் அடியில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்னும் ஜனாதிபதியின் பெயர் கம்பீரமாகக் காணப்பட்டது. நம் மனைவியார் குழந்தையின் காதணிக்கென ஒதுக்கி வைத்திருந்த பணமும் அதனோடு போயிற்று. கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினோம். வந்தோர்க்கெல்லாம் அக்கையொப்பத்தை விரலாற் சுட்டிக் காட்டினோம். இங்ஙனம் மூன்றாண்டு கழிந்தது.

ஒருநாள் மாலை, ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் மனு எழுதுவித்துக்கொள்ள நம் வீட்டிற்கு வந்தார். சுவரை வெகுநேரம் நோக்கியவர், “கிராணி ஐயா, இது என்னங்க, பட்டாவா?” என்றார்.

“ஆம் பெரியவரே. அமெரிக்காவை ஆண்ட ஜாக்சன் என்பவர் ஒரு குடியானவருக்குக் கொடுத்தது. இதோ அவர் கையெழுத்து.”

“சரிங்க. நெலத்தை வாங்குனவரு பேரு என்னங்க?”

நமக்கு விடை தெரியவில்லை. மூன்றாண்டுகளில் ஒருநாளேனும் அப்பட்டாவை முதல்வரியிலிருந்து நாம் படித்ததில்லை. வெட்கத்தோடு சட்டத்தை இறக்கி வைத்துப் படிக்கலானோம். குடியானவரின் பெயர் கிடைத்தது. கூடவே, ஜாக்சன் பெயருக்குக் கீழே பொடியெழுத்தில் இன்னொரு பெயரும், அதன் பக்கத்தில் ‘செயலாளர்’ என்னும் சொல்லும் கிடைத்தன. நூல்களைப் புரட்டியபின் விஷயம் விளங்கிற்று. பட்டாக்கள் மலைபோற் குவிந்தமையால், ஜனாதிபதிக்குப் பதிலாகச் செயலாளர் ஒருவரே அவர் பெயரை எழுதலாமென்று 1833 மார்ச் 2-ஆம் தேதி சட்டமியற்றி விட்டார்கள். நம் பட்டா அதற்கு ஈராண்டு பிந்தியது. ஜாக்சன் அதனைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார். விற்றவர்மீது பழியில்லை, ‘ஜாக்சன் பெயரில் வழங்கியது’ என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஆங்கிலம் கற்றோமென்று பெருமை பேசிய நாமே படிக்கத் தவறினோம். மனைவியாரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதிய தண்டனையாயிற்று.

மறுநாள் அம்முதியவர் தம் தகரப்பெட்டியிலிருந்து மடித்த தாளொன்றைக் கொண்டுவந்தார். அவர் தந்தையார் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தபோது எழுதிய சீட்டு அது. கையொப்பத்துக்குரிய இடத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே வெள்ளைக்கோடு ஒன்று ஓடிற்று. “கத்தி பட்ட தழும்புங்க. இந்தப் பெருவிரலைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் நடக்கப் பழகினேன்” என்றார் முதியவர்.

ஜனாதிபதியின் பெயரை இன்னொருவர் எழுதிவிடலாம். இந்த ரேகையை வேறெவரும் இட்டிருக்க முடியாது. ஆயினும் ‘கைநாட்டு’ என்பதை ஏளனச் சொல்லாக வழங்குகிறோமே! நாமும் அங்ஙனம் பேசியவர்தாம். அம்மட்டோ? ஓராண்டுக்கு முன் ஆபீசில் இடம் அடைக்கிறதென்று பழைய செக்ரோல் புத்தகங்களையும் சீட்டுக் கட்டுகளையும் எரிக்கச் சொன்னபோது, தீயை வைத்தது இந்தக் கைதான். சிக்காகோவில் எரிந்த தாளுக்கு வருந்திய நமக்கு, கண்ணெதிரே எரிந்த நூற்றுக்கணக்கான ரேகைகள் உறுத்தவில்லை.

பெரியோர் கையொப்பத்தைப் போற்றுதல் தவறென்று நாம் கூறவரவில்லை. ஆனால், அக்கையொப்பம் யார் வாழ்வில் என்ன செய்தது என்று கேட்டறியாத சேகரிப்பு வெறும் மைப்பித்தேயாகும். இதே ஜாக்சன் 1830 மே 28-ஆம் தேதி தம் கையாலேயே ஒப்பமிட்ட சட்டத்தினால்தான் அந்நாட்டுப் பழங்குடிகள் தம் நிலம் விட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டனர். லிங்கனின் பிரகடனம் சுமார் 35 லட்சம் அடிமைகளைக் குறித்தது. அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தென்மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தன. தம்மை விடுவித்த தாளையே படிக்க இயலாதவர்கள் அவர்கள். நம் முன்னோரும் தாம் படிக்க இயலாத ஒப்பந்தச் சீட்டில் ரேகை பதித்தே மலாயாவுக்குக் கப்பலேறினர். அம்முறை நின்றது 1910-ல்.

ஆகவே நேயர்களை வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலுள்ள பழந்தாள்களைக் குப்பையென்று எரித்து விடாதீர்கள். ஈரத்திலும் வெயிலிலும் வையாதீர்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். அது யாருடையது, எப்படி வந்தது என்பதைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு வேறொரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

நாமும் ஒரு நோட்டுப்புத்தகம் தொடங்கியுள்ளோம். அம்முதியவரின் சொல்லே அதன் முதற்பக்கம். சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது அவர் குடும்பத்தின் சொத்து. ஜாக்சன் பட்டா இன்னும் சுவரில்தான் இருக்கிறது. இப்பொழுது வருவோர்க்கு நாம் முதலிற் காட்டுவது அக்குடியானவரின் பெயரையே.